பானெட்டைத் திறக்காமல் சொன்ன பதில்

ஜனவரி மாதத்தில் காலை எட்டு மணிக்குக் கராஜ் கதவைத் தூக்கும்போது வெளியே எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணாதீர்கள். நான் எண்ணிக் கெட்டவள். எண்ண ஆரம்பித்த நிமிடத்திலிருந்து மனம் அடுத்த வண்டிக்குப் போய்விடும். கை மட்டும்தான் இந்த வண்டியில் இருக்கும்.

நான் வேலையை விட்டு ஒன்பது மாதமாகிறது. நான் இருந்த இடத்தில் இப்போது தமிழ் பேசுகிற நீங்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் வருகிறது. ஒருவர் ஓசூரில் வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒருவர் ஐ.டி. வேலை போன பிறகு, இனிமேல் கையால் தொடுகிற வேலைதான் என்று முடிவெடுத்து வந்தவர். மூன்றாமவர் என்னைப் போலவே கணவரின் விசாவில் வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் கம்யூனிட்டி காலேஜில் வண்டிப் படிப்பில் சேர்ந்தவர். இருபத்திரண்டு வருடம் அந்தக் கராஜில் நான் ஒருத்திதான் தமிழ். எடிசனுக்கும் ஐசலினுக்கும் நடுவில் இருக்கிற இடம் என்பதால் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள். ஆனால் வண்டியைத் தூக்கி நிறுத்துகிற லிஃப்ட்டுக்கு அடியில் நின்று தமிழில் அலுத்துக்கொள்ள எனக்கு ஆள் இல்லை. உங்களுக்கு அந்தக் குறை இல்லை.

போன வாரம் குளிர் இறங்கியதும் நீங்கள் எனக்கு ஒரு கேள்வி அனுப்பினீர்கள். "மேடம், இந்தக் குளிர்ல செக் என்ஜின் லைட்டோட வர்ற வண்டில பாதிக்கு மேல பெருசா ஒண்ணும் இல்ல. பேட்டரி வீக், இல்லன்னா பெட்ரோல் மூடி சரியா மூடல. எத சீரியஸா எடுத்துக்கறது, எத விடறது?"

இதற்கு நேரான பதில் என்னிடம் கிடையாது. வண்டியின் கம்ப்யூட்டர் காட்டுகிற எந்த எரர் கோடுக்கு என்ன அர்த்தம் என்பது ஸ்கேனரிலேயே இருக்கிறது. ஆகவே நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். நான் புதிதாகச் சேர்ந்த காலத்தில் செய்தது இல்லை. எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், பத்தொன்பதாவது வருடத்தில் செய்தது.

அந்த வாரம் குளிர் மூன்றாவது நாளாக ஒற்றை இலக்கத்தில் இருந்தது. காலையில் நான் போனபோது நான்கு டிகிரி. நம் ஊர்க் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து. பே என்று நாங்கள் சொல்கிற, வண்டியை ஏற்றி வேலை பார்க்கும் இடங்கள் ஆறு. ஆறு பேயிலும் வண்டி ஏறியிருந்தது. வெளியே ஒன்பது வண்டி. அதில் ஏழில் மஞ்சள் லைட். எங்கள் முதலாளி போர்ச்சுகலில் பிறந்தவர். அறுபத்தெட்டு வயதிலும் தரையில் படுத்து வேலை பார்ப்பவர். அன்று அவரே ஒரு பேயில் இருந்தார். நான் ஸ்கேனரைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். உள்ளே கொண்டுவரத் தேவையில்லாத வண்டிகளை அங்கேயே பார்த்து அனுப்பிவிடலாம் என்பது என் யோசனை. அந்த யோசனையில் இப்போதும் தப்பில்லை.

ஐந்தாவதாக நின்றது எட்டு வயதான ஒரு வெள்ளி நிற மினிவேன். ஓட்டி வந்தது சுகன்யா என்ற பெண். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். நாமக்கல் பக்கம். எங்களிடம் இரண்டு தடவை ஆயில் மாற்ற வந்திருக்கிறாள். அந்த வருடம் அவள் கணவருக்கு டெக்சஸில், ஆலனில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விமானத்தில் வந்து போவார். பக்கத்து சீட்டில் அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். கம்பளிக் குல்லா, மாப்பிள்ளையுடைய பெரிய ஜாக்கெட், மடியில் ஒரு சிறிய ஐஸ் பெட்டி.

"ஆண்ட்டி, நேத்து ஈவ்னிங் இந்த லைட் வந்துச்சு. எனக்கு பதினோரு மணிக்கு ஹாஸ்பிடல்ல இருக்கணும். பாப்பா என்.ஐ.சி.யூ-ல இருக்கா. வண்டி ஓட்டலாமான்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள்.

குழந்தை நாள் கணக்குக்கு இரண்டரை மாதம் முன்னாலேயே பிறந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். ஐந்து வாரமாகத் தினமும் பாலை எடுத்துக்கொண்டு போகிறாள். மடியில் இருந்த பெட்டியில் இருந்தது அந்தப் பால். அன்றைக்கு முதல் தடவையாகக் குழந்தைக்கு அவள் நேராகப் பால் கொடுக்க முயற்சி செய்யப்போகிறாள். நான் "அதெல்லாம் நல்லபடியா நடக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே ஸ்கேனரைச் செருகினேன்.

ஒரே ஒரு கோட். என்ஜின் சூடாக வேண்டிய நேரத்துக்குள் சூடாகவில்லை என்று சொல்கிற கோட். அந்த வாரத்தில் நான் பார்க்கும் நான்காவது அது. முந்தின மூன்று வண்டியிலும் காரணம் தெர்மோஸ்டாட், என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு. அது மூடாமல் திறந்தே நின்றுவிட்டால் குளிர்காலத்தில் என்ஜின் சூடாக நேரமாகும். வண்டிக்கு உடனே ஆபத்து இல்லை. நாலு நாள் ஓட்டலாம்.

அப்போது அவள் அப்பா எட்டிப் பார்த்துச் சொன்னார். "ஏனுங்கம்மா, ஹீட்டரு ஒரு சமயம் சூடா வருதுங்க, ஒரு சமயம் ஜில்லுன்னு வருதுங்க. அப்பறம் இந்தத் தண்ணி..."

"தெர்மோஸ்டாட் போனா அப்படித்தான் சார் இருக்கும்" என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

சுகன்யாவிடம் திரும்பி, "ஓட்டலாம்மா. திங்கக்கிழமை காலைல கொண்டு வா, மாத்திடறேன். நடுவுல ஏதாவதுன்னா இந்த நம்பர்ல கூப்பிடு" என்று ஒரு சீட்டில் என் செல் நம்பரை எழுதிக் கொடுத்தேன். எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் ஆகியிருக்கும். பானெட்டை நான் திறக்கவில்லை. திறந்தால் கை உறையும், ஸ்கேனர் செருகுவதற்கு பானெட்டைத் திறக்க வேண்டியதில்லை, பின்னால் இன்னும் நான்கு வண்டி. காரணங்களுக்கு என்ன குறை.

பத்தே கால் மணிக்கு என் போன் அடித்தது. நான் ஒரு பிக்கப் வண்டியின் அடியில் நின்றுகொண்டிருந்தேன். சுகன்யாவுடைய குரல் ஸ்பீக்கரில் தூரமாகக் கேட்டது. பின்னால் சாலை இரைச்சல்.

"ஆண்ட்டி, ஃப்ரீவேல இருக்கேன். டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறுது. அப்பா நிறுத்து நிறுத்துங்கறார். நீங்க ஓட்டலாம்னு சொன்னீங்க இல்ல? இன்னும் மூணு எக்ஸிட்தான். போயிடலாமா?"

உங்களுக்கு இந்த இடத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவள் கேட்டது வண்டியைப் பற்றி இல்லை. காலையில் நான் சொன்ன வார்த்தையா, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுடைய வார்த்தையா என்று கேட்டாள். என் மனதில் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? நான் சொன்னதைக் காப்பாற்றுகிற பதில். கேஜ் சென்சார் தப்பாகக் காட்டும், குளிரில் அதுவும் நடக்கும், மூன்று எக்ஸிட்தானே, போய்ச் சேர்ந்துவிடு. அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதில் பொய் என்று எதுவும் இல்லை. அப்படியும் நடப்பது உண்டு.

ஆனால் தெர்மோஸ்டாட் திறந்தே நிற்கிற வண்டியில், அதுவும் நான்கு டிகிரியில், முள் மேலே ஏறாது. ஏறினால் காலையில் நான் சொன்னது தப்பு. அவ்வளவுதான். இதை எனக்கு நானே ஒத்துக்கொள்ள இரண்டு மூன்று வினாடி ஆனது. அந்த மூன்று வினாடியில் அந்த வண்டி நூறு கஜம் ஓடியிருக்கும்.

"ஹீட்டர்ல இப்ப என்ன காத்து வருது?" என்றேன்.

பதில் அவள் அப்பாவிடமிருந்து வந்தது. "ஐஸு மாதிரி வருதுங்கம்மா."

என்ஜின் கொதிக்கிறது, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது. அப்படியென்றால் உள்ளே கூலண்ட் ஓடவில்லை.

"அப்பா சொல்றதுதான் சரி. நான் சொன்னது தப்பு. நிறுத்தணும்" என்றேன். "ஓரத்துல எடம் இருக்கா?"

"பிரிட்ஜ் மேல இருக்கேன் ஆண்ட்டி. ஷோல்டர் ரொம்ப சின்னது. ட்ரக்கெல்லாம் போகுது."

"அடுத்த எக்ஸிட் எவ்ளோ தூரம்?"

"அரை மைல்."

பாலத்தின் மேல், லாரிகள் உரசிக்கொண்டு போகிற இடத்தில், வயிற்றில் தையல் முழுதாக ஆறாத ஒரு பெண்ணை வண்டியிலிருந்து இறக்குவதா? அரை மைல் கொதிக்கவிட்டு என்ஜினைப் பலி கொடுப்பதா? இதில் எனக்குத் தயக்கம் வரவில்லை. என்ஜின் போனால் வேறு என்ஜின் வாங்கலாம். "பாலத்துல நிக்காதே. ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டு, ஹஸார்ட் லைட் போட்டுட்டு, மெதுவா உருட்டிட்டே எறங்கு. எறங்கினதும் மொதல்ல தெரியற கேஸ் ஸ்டேஷன்ல நிறுத்தி என்ஜின ஆஃப் பண்ணு" என்றேன். பக்கத்து சீட்டிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "அதத்தான் கண்ணு நானும் சொல்லுலாம்னு இருந்தேன். பதறாத. வெரசா மிதிக்காம போ."

நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை நிமிடம். அதற்குள் அவர் மூன்று தடவை "முள்ளு சிவப்பத் தொடுலீங்க" என்று எனக்குத் தகவல் சொன்னார். நான் கேட்காமலேயே சொன்னார். எனக்கு அப்போது தேவைப்பட்ட ஒரே தகவல் அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு இரைச்சல் நின்றது.

"நிறுத்தியாச்சு ஆண்ட்டி. முள்ளு ரெட்டுக்கு ஒரு கோடு கீழ நிக்குது."

"நீ கடைக்குள்ள போய் சூடா உக்காரு. அப்பா, நீங்க பானெட்டைத் தெறக்க முடியுமா? ரேடியேட்டர் மூடியத் தொடாதீங்க."

"முப்பது வருசம் லாரி ஓட்டியிருக்கறனுங்க. அது தெரியாதுங்களா" என்றார். குரலில் கோபம் இல்லை. சிரிப்புதான் இருந்தது போல எனக்குப் பட்டது.

லாரி ஓட்டியவர். காலையில் நான் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அவர் பார்த்துச் சொன்னார். "மேல ஹோஸு கை வைக்க முடியலீங்க, கொதிக்குது. கீழ ஹோஸு கல்லு மாதிரி இருக்குதுங்க. அமுக்குனா அமுங்கல. ரேடியேட்டரத் தட்டுனா ணங்குன்னு சத்தம் வருது. இப்படி ஒண்ணு நான் பாத்ததே இல்லீங்களே."

அவர் பார்த்திருக்க மாட்டார். நாக்பூரைத் தாண்டி அவர் வண்டி போனதில்லை என்று பிறகு சொன்னார். நான் பார்த்திருக்கிறேன். ரேடியேட்டருக்குள் இருந்தது உறைந்துவிட்டது. கூலண்ட் என்பது சரியான கலவையில் இருந்தால் அந்தக் குளிரில் உறையாது. உறைந்ததென்றால் அதில் தண்ணீர்தான் அதிகம். காலையில் பானெட்டைத் திறந்து டெஸ்டரில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்திருந்தால், எத்தனை டிகிரியில் உறையும் என்று அது காட்டியிருக்கும். இரண்டு நிமிட வேலை.

நேராக முதலாளியிடம் போனேன். "காலையில் ஒரு வண்டியைத் தப்பாகப் பார்த்து அனுப்பிவிட்டேன். கேஸ் ஸ்டேஷனில் நிற்கிறது. அந்தப் பெண் பதினோரு மணிக்கு ஹாஸ்பிடலில் இருக்க வேண்டும்" என்றேன். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. பாக்கெட்டிலிருந்து தன்னுடைய சொந்த வண்டியின் சாவியை எடுத்துக் கொடுத்தார். "அதை இழுத்துவர டோ வண்டிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். உன் பிக்கப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். போ" என்றார்.

போகிற வழியில் ஒன்று உறைத்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இந்தத் தொழிலில் எத்தனையோ பேர் என் எதிரில் நின்றுகொண்டு, என் தோளுக்கு மேலாகப் பார்த்து, "மெக்கானிக் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களும்தான். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து பேயில் இருக்கும் ஆணிடம் திரும்பி அதையே மறுபடி கேட்டவர்கள் உண்டு. அந்த எரிச்சல் எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அன்று காலை, ஊரிலிருந்து வந்த அப்பாக்கள் எல்லோருக்கும் எல்லாவற்றிலும் ஒரு அபிப்பிராயம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அந்த மனிதரைத் தாண்டி அவருடைய பெண்ணிடம் பேசினேன்.

பெட்ரோல் பங்க்கோடு ஒட்டிய கடைக்குள் சுகன்யா காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது, "டைமுக்குப் போயிடலாமா ஆண்ட்டி?" என்பது மட்டும்தான். மணி பத்து ஐம்பது. அப்பா பால் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். கடைக்குள் சூடாக இருக்கிறது, பால் கெட்டுவிடும் என்று வெளியே நின்றாராம். மூக்கு சிவந்து போயிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அது அப்பறம் பேசிக்கலாமுங்க, மொதல்ல போலாம்" என்றார்.

பதினொன்று பத்துக்கு ஹாஸ்பிடல் வாசலில் இறக்கினேன். சுகன்யா பெட்டியை வாங்கிக்கொண்டு ஓடக்கூடாத உடம்போடு ஓடினாள். அப்பா அவளோடு லிஃப்ட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, லாபியில் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க மேல போகலியா?" என்றேன்.

"ஃப்ளூ சீசனாமுங்க. அப்பா அம்மா தவுர யாரையும் விடறதில்ல. நான் இங்கதான் உக்காந்திருப்பேன். அஞ்சு வாரமா இந்தச் சேருதான்."

"அப்ப பாப்பாவ நீங்க..."

"போன்ல பாத்திருக்கறனுங்க" என்றார்.

மனைவி இறந்து மூன்று வருடமாகிறது என்றும், மாப்பிள்ளை வீட்டில் யாரும் வர முடியாததால் பெண்ணுக்குத் துணையாகத் தான் ஆகஸ்டிலேயே வந்துவிட்டதாகவும் சொன்னார். சமைக்கிறார், துணி துவைக்கிறார். இங்கே வண்டி ஓட்ட அனுமதி இல்லாததால் வண்டிக்கு என்ன செய்ய முடியுமோ அதைச் செய்கிறார். தினமும் காலையில் துடைப்பார். டயரைத் தட்டிப் பார்ப்பார். இதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தானுங்க தண்ணி ஊத்துனேன்."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"வந்த புதுசுல பானெட்டத் தெறந்து பாத்தனுங்க. டப்பால தண்ணி கொறஞ்சிருந்துச்சு. ஊத்துனேன். பத்து நாள் கழிச்சுப் பாத்தா மறுபடியும் கொறஞ்சிருந்துச்சு. எங்கயோ ஒழுகுதுன்னு தெரியுது, எடந்தான் தெரியல. புள்ள மாசமா இருக்கறா, மாப்பள ஊர்ல இல்ல, இத வேற சொல்லிப் பயமுறுத்தோணுமான்னு நானே ஊத்திட்டு இருந்தேன். எங்க வண்டிக்கெல்லாம் தண்ணிதானுங்க ஊத்துவோம். இது ஒறையும்னு எனக்குத் தோணவே இல்ல. காத்தால உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன்."

காலையில் "இந்தத் தண்ணி" என்று அவர் ஆரம்பித்தது இதுதான். அந்த வாக்கியத்தை முடிக்க விட்டிருந்தால் எனக்கு ஸ்கேனரே தேவைப்பட்டிருக்காது.

"நீங்க சொல்ல வந்தீங்க, நான் கேக்கல சார். அது என் தப்பு" என்றேன். "தண்ணி ஊத்தினது தெரியாம செஞ்சது. நான் தெரிஞ்சு செய்யாம விட்டேன். பானெட்டத் தெறந்து பாக்காம ஓட்டலாம்னு சொன்னேன்."

அவர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். சமாதானமாகிவிட்டாரா என்று தெரியவில்லை. "புள்ளகிட்ட சொல்லித்தான் ஆகோணுமுங்களா?" என்று கேட்டார்.

இது ஒரு கஷ்டமான கேள்வி. உங்களிடமும் யாராவது ஒரு நாள் இதைக் கேட்பார்கள். கணவனுக்குத் தெரிய வேண்டாம், பெண்ணுக்குத் தெரிய வேண்டாம் என்பார்கள். நான் அவரிடம் சொன்னது இது. "வண்டில என்ன இருந்துச்சுன்னு நான் எழுதித்தான் ஆகணும். கூலண்ட்ல தண்ணி கலந்திருக்குன்னு எழுதுவேன். லீக் இருக்குன்னு எழுதுவேன். காலைல தப்பா சொல்லி அனுப்பினேன்னும் எழுதுவேன். யார் ஊத்தினாங்கன்னு எழுதறதுக்கு அந்த பேப்பர்ல எடம் இல்ல. அது உங்க வீட்டு விஷயம்."

ஒரு மணி நேரம் கழித்து சுகன்யா இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அது வருத்தத்தில் அழுத சிவப்பு மாதிரி இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்த நேரத்தில் குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்ததாம். அது எழுந்திருக்கும் வரைக்கும் நர்ஸும் காத்திருந்தாராம்.

"குடிச்சாப்பா. முன்னாடி ஒரு தடவ வெயிட் பாத்தாங்க, அப்புறம் ஒரு தடவ பாத்தாங்க. பன்னெண்டு மில்லி குடிச்சிருக்கா."

"அது நெறையவா கண்ணு?"

"நெறையப்பா."

அவர் உடனே எழுந்து நின்றார். "கண்ணு, வண்டி நின்னு போனது என்னாலதான். அதுக்குத் தண்ணி ஊத்துனது நான்" என்றார். இந்த நேரத்திலா சொல்வது என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆகஸ்டிலிருந்து நடந்ததை நின்றபடியே முழுதாகச் சொல்லி முடித்தார். நான் குறுக்கே போய், காலையில் பார்க்காமல் விட்டது நான்தான் என்றேன்.

சுகன்யா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடுத்த வாரம் பாப்பாவ அதுலதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்" என்றாள், மெதுவாக. எங்கள் மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் அது புரிந்தது. இரண்டு கிலோ எடையுள்ள குழந்தை பின்சீட்டில் இருக்க, ஹீட்டரில் ஐஸ் காற்று வர, அந்தப் பாலத்தின் மேல்.

பிறகு அவள் அப்பாவின் குல்லாவைச் சரிசெய்துவிட்டாள். "நீ நிறுத்துன்னு சொன்னப்ப நானும்தான் நிறுத்தல. உன்ன நம்பாம ஆண்ட்டிக்கு போன் பண்ணேன். போதும்ப்பா, உக்காரு. சாப்டியா நீ?" என்றாள்.

வண்டியை ஒரு இரவு முழுக்க உள்ளே வைத்து உருக்கினோம். ரேடியேட்டரின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். அவர் தேடிக் கண்டுபிடிக்க முடியாத ஒழுகல், ஒரு ஹோஸ் சேருமிடத்தில் என்ஜினுக்குப் பின்னால் இருந்தது. அங்கே குனிந்து பார்த்தாலும் தெரியாது. என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. முள் சிவப்பைத் தொடுவதற்கு முன்னால் நிறுத்தியதால் பிழைத்தது. நான் குறை சொன்ன தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். அழகாகத் திறந்து மூடியது. அந்தக் கோட் வந்தது, கூலண்ட் குறைந்து சரியாக ஓடாததால். திங்கட்கிழமை வரைக்கும் வண்டி தாங்கியிருந்தால் நான் அதை மாற்றி, லைட்டை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு அனுப்பியிருப்பேன்.

அன்று மாலை நான் எழுதிய பேப்பரை முதலாளி படித்தார். எனக்குத் திட்டு விழும் என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அந்த மனிதர் பேச ஆரம்பித்தபோது உன் கண் எங்கே இருந்தது?"

"ஸ்கேனர் திரையில்."

"எனக்கும் ஒரு தடவை அப்படி நடந்தது" என்றார். எப்போது, யாருக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தால் அந்த வண்டி தப்பிக்கவில்லை என்று தோன்றியது. பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த மூன்று குளிர்காலங்களிலும், லைட்டோடு வந்த எந்த வண்டியிலும் முதலில் ஸ்கேனரைச் செருகவில்லை. பானெட்டைத் திறந்தேன். "வேறென்ன மாறியிருக்கு?" என்று கேட்டேன். ஓட்டுபவரிடம் மட்டும் இல்லை, பக்கத்து சீட்டில் இருப்பவரிடமும். ஓட்டுபவருக்குச் சாலையைப் பார்க்கத்தான் நேரம். வண்டி போடும் சத்தமும், காற்றில் வரும் வாசனையும், கால் மாட்டில் அடிக்கிற குளிரும் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். பாதி நேரம் உபயோகமில்லாத விஷயம்தான் சொல்வார்கள். பரவாயில்லை, முடிக்க விடுங்கள். அதற்கு ஆகிற ஒன்றரை நிமிடத்தில் உங்கள் விரல் கொஞ்சம் மரத்துப் போகும், அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு இது பதிலா என்று எனக்குத் தெரியாது. எதை விடலாம் என்று கேட்டீர்கள். பாதிக்கு மேல் விடலாம். ஆனால் பார்த்துவிட்டு விடுங்கள். பிறகு நீங்கள் சொன்னது தப்பென்று போன் வந்தால், அந்த முதல் மூன்று வினாடியில் ஜாக்கிரதையாக இருங்கள். அப்போது வாயில் வருகிற பதில் பெரும்பாலும் நமக்காக வருவது, வண்டிக்காக இல்லை.

ஒன்பது நாள் கழித்துக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முதல் நாள் அப்பாவும் பெண்ணும் வண்டியை மறுபடியும் கொண்டு வந்தார்கள். நான் டெஸ்டரை அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மைனஸு முப்பத்தஞ்சுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். மறுபடியும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் சுகன்யாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு பேயில் நின்றபடியே கேட்டேன். அதில் அவள் பேசவில்லை. வண்டி மெதுவாக ஓடுகிற சத்தம். பின்சீட்டிலிருந்து அவள் அப்பாவின் குரல், ரொம்பத் தாழ்வாக.

"இது பாலம் கண்ணு. கீழ ஆறு போகுது, இப்ப ஐஸா இருக்கும். பக்கத்துல போகுது பாரு, அது லாரி. பெருசாத்தான் இருக்கும், பயப்படாத. அவுங்க பாத்துத்தான் ஓட்டுவாங்க. இப்ப எறக்கம் வரும். அப்பறம் ஒரு சிக்னலு. அதத் தாண்டுனா நம்ம வீடு."

முதலாளி என்ன அது என்று சைகையில் கேட்டார். ஒரு தாத்தா பேத்திக்கு வழி சொல்கிறார் என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னார்.